பொறுப்பு முந்தியா, பக்குவம் முந்தியா? தலையாலங்கானம் முதல் பாப்பாபட்டி வரை

தலையாலங்கானப் போருக்கு முன் பாண்டியன் நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம் புறநானூற்றில் 72ஆம் பாட்டாக நிற்கிறது. சேரன், சோழன், ஐந்து வேளிர் என எழுவர் அவனுக்கு எதிராகத் திரண்டிருந்தனர். மதுரையில் அரியணை ஏறியவன் சிறுவன் என்பது அவர்களுக்கு நகைப்பாக இருந்தது. அந்த நகைப்பையே எடுத்துச் சொல்லித்தான் அவன் பாட்டு தொடங்குகிறது. பகைவரை வென்று அடக்காவிட்டால் தனக்கு நேர வேண்டியவை என்று அவன் மூன்றைச் சொல்கிறான். தன் நிழலில் வாழும் குடிகள் தன்னைக் கொடியவன் என்று கண்ணீரோடு பழிக்கட்டும். மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் விடட்டும். கேட்டு வருவோர்க்குக் கொடுக்க முடியாத வறுமை தன்னை வந்தடையட்டும்.

மூன்று தண்டனைகளும் பிறர் வழியாக வருகின்றன என்பது கவனிக்கத்தக்கது. தன்னை அளந்து பார்க்கும் உரிமையைக் குடிகளிடமும் புலவரிடமும் இரவலரிடமும் அவனே ஒப்படைக்கிறான். வயது போதாது என்று சிரித்தவர்களுக்கு, தனக்கு வயது வந்துவிட்டது என்று அவன் பதில் சொல்லவில்லை. தான் யாருக்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதைச் சொல்கிறான். முதிர்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் தமிழில் அரிது.

அவன் எவ்வளவு இளையவன் என்பதை இடைக்குன்றூர் கிழாரின் 77ஆம் பாட்டு காட்டுகிறது. காலில் கிண்கிணி கழற்றிய இடத்தில் கழல் ஏறியிருக்கிறது. ஆனால் குழந்தைக்குக் காப்பாகக் கட்டும் ஐம்படைத்தாலி கழுத்தைவிட்டு இன்னும் இறங்கவில்லை. பாலை மறந்து சோறு உண்டதே இன்றைக்குத்தான் என்கிறார் புலவர். புலவர்க்குரிய மிகை இதில் உண்டு. ஆயினும் அவருடைய வியப்பின் மையம் மிகையன்று: வென்ற பிறகு அந்தச் சிறுவன் பூரிக்கவுமில்லை, தன்னைப் புகழ்ந்துகொள்ளவுமில்லை.

பக்குவம் வந்துவிட்டதா என்று சோதித்துப் பார்த்து அவனுக்கு யாரும் அரசு கொடுக்கவில்லை. அரசு முதலில் வந்தது. பக்குவம் அதன் பின்னால் வந்தது. இந்த வரிசையே இக்கட்டுரையின் வாதம். பொறுப்பைப் பெறுவதற்கு முன் காட்ட வேண்டிய தகுதிச் சான்றாக முதிர்ச்சியைக் கருதுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பொறுப்பை ஏற்று, அதற்குப் பிறரிடம் கணக்குச் சொல்லும் வாழ்க்கையில் விளைவதே முதிர்ச்சி. நெடுஞ்செழியனுக்கு அந்த வாய்ப்பு பிறப்பால் கிடைத்தது என்பது உண்மை. அப்படிப் பிறக்காதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதே அடுத்த கேள்வி.

அதற்கு முன் ஒன்று. வஞ்சினத்தில் நடுவராக வைக்கப்பட்ட மாங்குடி மருதனார் அந்த வேலையைச் செய்தார். பத்துப்பாட்டிலேயே நீண்டதான, 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சியை இதே மன்னனுக்காக அவர் பாடினார். வெற்றிகளையும் கூடல் நகரின் அல்லங்காடி, நாளங்காடிகளையும் விரித்துப் பாடும் அந்த நூலின் உட்கிடை நிலையாமை. உனக்கு முன் ஆண்டு மறைந்த மன்னர்களை எண்ணிப் பார் என்று வென்ற அரசனிடம் சொல்ல ஒரு புலவருக்கு இடம் இருந்தது. முதிர்ச்சி தனிமனிதச் சொத்தன்று, சுற்றியிருப்போரும் சேர்ந்து ஆக்குவது என்பதைச் சங்கப் புலவர் பிசிராந்தையாரும் அறிந்திருந்தார். ஆண்டு பல ஆகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரில் வாழும் அடக்கமுள்ள சான்றோர் என்று பிறரையே அவர் காரணமாகக் காட்டினார்.

இனி மதுரைத் தெருவுக்கு வரலாம். இங்கே ஒரு சிறுமி பூப்பெய்தினால் ‘பெரிய மனுஷி ஆயிட்டா’ என்பார்கள். தாய்மாமன் சீர் தட்டுகளோடு வருவார், பந்தல் எழும், தெருமுனையில் பூப்புனித நீராட்டு விழா பேனர் நிற்கும். உறவு கூடிக் களிப்பதில் அன்பு உண்டு. அதைப் பழிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கேட்க வேண்டியது வேறு. பெரிய மனுஷி என்று ஊரறியச் சொன்ன மறுநாள் அவளிடம் என்ன பெரிய பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது? பெரும்பாலும் உள்ளது குறைகிறது. விளையாட்டு நிற்கிறது, தனியே கடைக்குப் போவது நிற்கிறது, சில வீடுகளில் படிப்பே நிற்கிறது. அண்ணன் தம்பியை ‘இன்னும் சின்னப்பய’ என்று சொல்லியபடியே வண்டிச் சாவியைக் கொடுக்கும் வீடு, அவளைப் பெரியவள் என்று சொல்லியபடியே சாவிகளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பெயரில் ஏற்றமும் உரிமையில் இறக்கமுமாக நடக்கும் இந்தக் கணக்கு கொடுமையானது. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்கு 18 வயது என்று வரம்பிட்டது, உடலின் முதிர்ச்சியை வாழ்வின் முதிர்ச்சியாக எண்ணிவிடும் பழக்கத்துக்கு எதிராகத்தான்.

தகுதி வரட்டும், பிறகு தருகிறோம் என்ற வாதம் வீட்டோடு நிற்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலிலேயே, பருவம் வராத சமூகங்களுக்கு அந்தக் கோட்பாடு பொருந்தாது என்று விலக்கு வைத்தார். அந்த விலக்குக்குள் இந்தியா அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் அதற்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1793இல், இதற்கு மறுப்பு எழுதியிருந்தார். ஒரு மக்கள்கூட்டம் சுதந்திரத்துக்குப் பழுக்கவில்லை என்ற பேச்சு தமக்கு உவப்பில்லை என்றும், சுதந்திரத்தில் வைக்கப்படாமல் யாரும் அதற்குப் பழுக்க முடியாது என்றும் சமயம் குறித்த தம் நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் அவர் வாதிட்டார். அடிக்குறிப்பில் கிடக்கும் அந்தக் கருத்து நூலின் தலைவாசலில் இருந்திருக்க வேண்டியது.

அந்தக் கருத்துக்கான சோதனை 1996இல் மதுரை மாவட்டத்திலேயே நடந்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளாக அங்கே முறையான தலைவர் அமையவில்லை. வேட்புமனு போட ஆளில்லாமல் செய்யப்பட்டது. அல்லது வென்றவர் உடனே பதவி விலகச் செய்யப்பட்டார். மேலூர் அருகே மேலவளவில் தேர்தலில் நின்று வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் இருந்தவர்களில் சிலரும் கொல்லப்பட்டனர். ‘அவங்களுக்கு நிர்வாகம் தெரியாது’ என்பது இத்தகைய இடங்களில் மரியாதையான குரலில் சொல்லப்படும் காரணம். நிர்வாகம் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சமே அதற்குள் இருந்தது. 2006 அக்டோபரில், மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் காலத்தில், அந்த ஊர்களில் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். அந்தப் பத்தாண்டில் முதிர்ச்சி யாரிடம் இல்லாமல் போனது என்ற கேள்வியை, பதவி மறுக்கப்பட்டவர்களை நோக்கி அல்ல, மறுத்தவர்களை நோக்கித்தான் வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. பொறுப்பை முதலில் கொடுத்து, ஏற்றவர் தவறினால், அந்தத் தவற்றின் விலையைப் பிறர் அல்லவா கொடுக்கிறார்கள்? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பதினெட்டு வயதில் வாக்குரிமை தந்த 61ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்தபோதும் இந்தத் தயக்கம் எழுந்தது. பதில், பொறுப்போடு கணக்குக் கேட்போரையும் சேர்த்து வைப்பதில் இருக்கிறது. அதை மிக எளிய வடிவில் செய்து காட்டியது களஞ்சியம் என்னும் பெண்கள் சேமிப்புக் குழு அமைப்பு.

பில்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை பள்ளிப் படிப்பு இல்லாத விவசாயக் கூலி. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கொத்தாகத் திரட்டிப் போய், நிலக்காரரிடம் கூலி பேசி, அதைப் பங்கிட்டுத் தருவது அவர் பார்த்த வேலை. பங்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் மறுநாள் வேலைக்கு ஆள் வராது. அந்தப் பழக்கத்தோடுதான் தொண்ணூறுகளில் களஞ்சியம் பெண்கள் குழுக்களின் தலைமைக்கு அவர் வந்தார். குழுவில் சேமிப்புப் பணம் எல்லோர் முன்னும் எண்ணப்படும். யாருக்குக் கடன், எதற்காக, எப்போது திரும்பும் என்பதைக் குழு கூடியே தீர்மானிக்கும். தவறு நேர்ந்தால் அடுத்த கூட்டத்திலேயே தெரிந்துவிடும். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியது நாடெங்கும் பேசப்பட்டது. 2019இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருதுகளைவிடக் கூலிப் பங்கீட்டின் கண்டிப்பே இங்கு முக்கியம். அவருக்கு யாரும் முதிர்ச்சிப் பயிற்சி அளிக்கவில்லை. சக பெண்களின் பணம் அவர் கையில் இருந்தது. அந்தப் பெண்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்ற சட்டம் 2016இல் வந்தது. பல ஊராட்சிகளில் தலைவிக்குப் பதில் அவர் கணவரே கோப்பு பார்ப்பதை வைத்து, பெண்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்கிறார்கள். அங்கே பொறுப்பு உண்மையில் கைமாறவே இல்லை என்பதுதான் சரியான விளக்கம். கிராம சபையில் வரவுசெலவைத் தலைவியே படித்து, கேள்விகளுக்கு அவரே பதில் சொல்ல வேண்டும் என்று ஊர் வற்புறுத்தினால் போதும். முதல் கூட்டத்தில் அவர் தடுமாறலாம், நான்காவது கூட்டத்தில் எந்தத் தெருவுக்கு எத்தனை குடிநீர்க் குழாய் என்பதைக் கணவரைக் கேட்காமலே சொல்வார்.