காட்சியும் காணியும்
அமெரிக்கத் தேசியப் பூங்காக்களும் கோடைப் பயணமும் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

1950களில் வெளிவந்த அமெரிக்கச் சஞ்சிகைகளைப் புரட்டுவோர் ஒரு படத்தைத் திரும்பத் திரும்பக் காண்பர். மலைப்பாதையின் வளைவொன்றில் பளபளக்கும் மோட்டார்க் கார் நிற்கிறது. தந்தை தூரத்துச் சிகரத்தைக் கையால் சுட்டிக் காட்டுகிறார். தாய் வரைபடத்தை விரித்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் இருவர் சாலையோரத்துக் கற்சுவரிற் சாய்ந்து நிற்கின்றனர். அப்படத்திலுள்ள குடும்பத்தினர் அனைவரும் வெள்ளையர். அவர்கள் பார்க்கும் பள்ளத்தாக்கில் மனிதர் எவருமில்லர்.

பெற்றோலும் ரயரும் விற்பதற்காக வரையப்பட்ட இப்படம் அமெரிக்கரின் மனத்தில் இன்றும் அழியாதிருக்கிறது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் யெலோஸ்ரோனையும் யொசெமிற்றியையும் நோக்கிப் புறப்படுகின்றன. மனிதன் மலையையும் நீரையும் மரத்தையும் கண்டு மகிழ்வதில் தவறேதுமில்லை. ஆயினும், அம்மகிழ்ச்சி வானத்திலிருந்து இறங்கியதன்று. பார்ப்பதற்கு நிலம் வேண்டும். செல்வதற்குச் சாலை வேண்டும். செலவிடுவதற்கு ஓய்வு வேண்டும். இம்மூன்றும் எவரிடமிருந்து, எவர் உழைப்பால், எவருக்குக் கிடைத்தன என்று நோக்குவோமாயின் அப்படத்தின் சட்டகத்துக்கு வெளியே நிற்கும் மக்கள் நம் கண்களுக்குப் புலனாவர்.

முதலில் நிலம். தேசியப் பூங்கா என்ற கருத்திலே மக்கள் சார்பான ஓர் அம்சம் உண்டு என்பதை நாம் மறுத்தலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நயாகரா நீர்வீழ்ச்சியைச் சுற்றியிருந்த நிலத்தைத் தனியார் வளைத்துக்கொண்டு வேலியடைத்து, நீர் விழுவதைப் பார்ப்பதற்கும் காசு கேட்டனர். அழகு ஒரு சிலரின் உடைமையாகலாகாது, அது பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய இழிநிலைக்கு எதிராகவும் எழுந்தது. 1864இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே யொசெமிற்றிப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென ஒதுக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். 1872 மார்ச் 1ஆந் திகதி யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இருபது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தனியார் கைக்குப் போகாது காக்கப்பட்டமை சிறிய சாதனையன்று.

ஆனால், அப் 'பொதுமக்கள்' யார்? யொசெமிற்றி சட்டத்தின் மூலம் ஒதுக்கப்படுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1851இல், மரிப்போசாப் படை எனப்பட்ட ஆயுதந்தாங்கிய கூட்டமொன்று அப்பள்ளத்தாக்கினுட் புகுந்தது. தங்கம் தேடி வந்தவர்களின் நலனைக் காக்கத் திரட்டப்பட்ட படை அது. அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடிசைகளையும், மாரிகாலத்துக்கென அவர்கள் சேமித்து வைத்திருந்த ஓக் விதைகளையும் அது தீக்கிரையாக்கியது. அம்மக்களின் தலைவன் தெனாயா. அவனைச் சிறைப்பிடித்தபின், அங்கிருந்த மலை ஏரியொன்றுக்கு அவன் பெயரையே சூட்டிக் கௌரவிப்பதாகப் படையினர் கூறினராம். அந்த ஏரிக்கு ஏற்கனவே பெயருண்டு என்பதே அவனது மறுமொழி. இச்சம்பவத்தைப் பதிந்து வைத்தவர் அப்படையிற் சென்ற பனல் என்பவரே. இன்றும் அந்த ஏரி தெனாயா ஏரி என்றே வழங்குகிறது. நிலத்தைப் பறித்துக்கொண்டு அதற்கு ஈடாகப் பெயரை வழங்கும் இவ்வழக்கத்தைக் குடியேற்ற வரலாற்றின் பல பக்கங்களில் நாம் காணலாம்.

யெலோஸ்ரோனிலும் இதுவே நடந்தது. ஷோஷோனி இனத்தின் ஒரு பிரிவினர் அம்மலைகளில் ஆண்டு முழுவதும் வாழ்ந்தனர். வேறு பல இனத்தவர் வேட்டைக்கும் கருவிக்கல் எடுப்பதற்கும் அங்கு வந்து சென்றனர். வெந்நீரூற்றுக்களுக்கு அஞ்சி ஆதிக்குடிகள் அப்பக்கமே வருவதில்லை என்றொரு கதையைப் பூங்கா அதிகாரிகள் பரப்பினர். ஆதிக்குடிகள் நடமாடும் இடமென்று தெரிந்தால் சுற்றுலாப் பயணிகள் வரமாட்டார்கள் அல்லவா? 1877இல் படையினரால் துரத்தப்பட்ட நெஸ் பேர்ஸ் மக்கள் பூங்காவினூடாகத் தப்பிச் சென்றபோது அங்கு உல்லாசப் பயணிகள் கூடாரமடித்திருந்தனர். ஒரு பக்கத்தில் விடுமுறை, மறு பக்கத்தில் வெளியேற்றம். இரண்டும் ஒரே காட்டில், ஒரே கோடையில் நிகழ்ந்தன.

மொன்ரானா மாநிலத்தின் கிளேசியர்ப் பூங்காவின் கதை மேலும் கவனத்துக்குரியது. 1895இல் பஞ்சத்தாலும் வறுமையாலும் நலிந்திருந்த பிளாக்ஃபீற் மக்கள் தமது மலைப்பகுதியை 15 இலட்சம் டொலருக்கு அரசாங்கத்துக்குக் கையளித்தனர். அங்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மரம் வெட்டவும் தமக்குள்ள உரிமையை அவர்கள் அந்த உடன்படிக்கையில் எழுதி வைத்துக்கொண்டனர். 1910இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டதும் அந்த உரிமைகள் மறுக்கப்பட்டன. ஆனால், பூங்காவின் வாயிலில் பெரிய விடுதிகளைக் கட்டிய கிரேற் நோதேர்ண் புகையிரதக் கொம்பனி அதே மக்களை இறகு முடியும் தோலாடையும் அணிவித்து, வரும் பயணிகளை வரவேற்க நிறுத்தியது. வேட்டையாடுபவனுக்கு அங்கே இடமில்லை. வேட்டைக்காரன் வேடத்துக்கு மட்டும் கூலி உண்டு!

அடுத்தது சாலை. தொடக்கத்தில் இப்பூங்காக்கள் புகையிரதத்தில் முதல் வகுப்பிற் பயணஞ் செய்து, உயர்ந்த விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கக்கூடிய செல்வந்தரின் உல்லாசபுரிகளாகவே இருந்தன. இந்நிலையை மாற்றியது மோட்டார்க் காராகும். 1908இல் ஹென்றி போர்ட்டின் 'மொடல் ரி' கார் 850 டொலருக்கு விற்கப்பட்டது. 1920களின் நடுப்பகுதியில் அதன் விலை 300 டொலருக்குங் கீழே வந்தது. 1915இல் யெலோஸ்ரோன் தன் வாயிலை மோட்டார்க் கார்களுக்குத் திறந்தது. மறு ஆண்டில் தேசியப் பூங்காச் சேவை நிறுவப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் ஸ்டீபன் மாதர், வெண்காரத் தொழிலிற் பொருளீட்டியவர். பூங்காக்கள் நிலைக்க வேண்டுமாயின் வாக்காளர் பெருந்தொகையில் அங்கு வரவேண்டும், வருவதற்குச் சாலைகள் வேண்டும் என்பதை நன்குணர்ந்தவர்.

ஆனால் சாலைகளை வெட்டிய கைகள் எவை? கலிபோர்னியாவின் செக்கொயாப் பூங்காவில் வானளாவிய மரங்கள் நிற்கும் வனத்துக்கு வண்டிப்பாதையை 1903இல் முடித்தவர்கள் கறுப்பின இராணுவ வீரர்கள். அவர்களின் தளபதி சார்ள்ஸ் யங் 1864இல் கென்ரக்கியில் அடிமைக் குடும்பத்திற் பிறந்தவர். அக்கோடையில் அவரே அப்பூங்காவின் பதில் அத்தியட்சராகவும் கடமையாற்றினார். பின்னர், பெருமந்தத்தின் காலத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ற் 1933இல் அமைத்த குடிசார் பாதுகாப்புப் படை 1942 வரையில் ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞருக்கு வேலை கொடுத்தது. மாதச் சம்பளம் 30 டொலர். அதில் 25 டொலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டது. இன்று பயணிகள் நடக்கும் ஒற்றையடிப் பாதைகளும் சாய்ந்து நிற்கும் கற்சுவர்களும் பெரும்பாலும் அந்த வேலையற்ற இளைஞர் அடுக்கியவை. அரசு மனம் வைத்தால் வேலையின்மையைப் பொதுச் செல்வமாக மாற்றலாம் என்பதற்கு அது சான்று. அதே படையின் முகாம்கள் நிறத்தின் பேரால் பிரித்து வைக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்தே கூறவேண்டும்.

வேர்ஜீனியாவின் ஷெனன்டோவாப் பூங்காவில் இம்முரண்பாடுகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்தன. 1935இல் நிறுவப்பட்ட அப்பூங்காவுக்காக மலையக விவசாயிகளான சுமார் 500 வெள்ளைக் குடும்பங்களும் இடம்பெயர்க்கப்பட்டன. மறுத்தவர்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டனர். வறியவனாயின் வெள்ளைத் தோலும் அவனுடைய காணியைக் காப்பாற்றவில்லை. மலைமுகட்டின் வழியே 105 மைல் நீளத்துக்கு ஓடும் எழில்மிகு சாலையின் ஓரத்தில், 1939இல் லூயிஸ் மலையில், 'நீக்ரோக்களுக்கு' எனப் பலகை நாட்டப்பட்ட தனி முகாம் திறக்கப்பட்டது. அப்பூங்காவிற் பிரிவினை முற்றாக நீங்க 1950 வரை செல்லவேண்டியிருந்தது.

பூங்காவுக்குள்ளே நிலைமை இதுவாயின், அதற்குச் செல்லும் வழியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கறுப்பினக் குடும்பமொன்று காரில் ஏறிப் புறப்படுமுன் சோற்றுப் பொதியையும் மேலதிகப் பெற்றோலையும் போர்வைகளையும் ஏற்றிக்கொள்ளும். ஏனெனில் உணவுக் கடையும் விடுதியும் மலசலகூடமும் அவர்களுக்குத் திறக்கப்படும் என்ற உறுதி இல்லை. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் நிற்கலாகாது என்ற எழுதப்படாத சட்டம் பல ஊர்களில் நிலவிற்று. இதனாலேயே நியூயோர்க்கின் ஹாலம் பகுதியைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிறீன் என்ற தபாற்சேவகர் 1936இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். எந்த ஊரில் எந்த வீடு இரவில் இடந்தரும், எந்தக் கடை உணவு தரும் என்று கூறும் அந்நூலைப் பல்லாயிரம் குடும்பங்கள் காரில் வைத்திருந்தன. இத்தகைய நூல் தேவைப்படாத நாள் வரும், அன்று இதனை நிறுத்திவிடலாம் என்பது அவரது நம்பிக்கை. அவர் 1960இல் மறைந்தார். பொது இடங்களில் நிறவேற்றுமையைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறியது. அக்கையேட்டின் இறுதிப் பதிப்பு 1966-67க்குரியது. அந்த உரிமையைப் பெற்றுக்கொடுத்தது ஆட்சியாளரின் தாராளமன்று. பேருந்துகளிலும் உணவுக் கடைகளிலும் தெருக்களிலும் அடியுண்ட மக்களின் போராட்டமே அதனைப் பெற்றுத் தந்தது.

மூன்றாவது ஓய்வு. நிலமும் சாலையும் இருந்தாலும் சம்பளத்துடன் விடுமுறை இல்லாத தொழிலாளிக்கு அவற்றால் என்ன பயன்? பிரான்சில் 1936இல், தொழிற்சாலைகளைத் தொழிலாளர் கைப்பற்றி நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தின் விளைவாக, இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமாயிற்று. பிரித்தானியாவில் 1938இல் அதற்கெனச் சட்டம் வந்தது. அமெரிக்காவிலோ இன்றுவரை தனியார் துறைத் தொழிலாளிக்குச் சம்பள விடுமுறையை உறுதிசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. இரண்டாம் உலகப் போரையடுத்த ஆண்டுகளில் வலிமை பெற்றிருந்த தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தங்கள் மூலம் விடுமுறையை வென்றெடுத்தன. 1956இல் 41,000 மைல் நீளமான நெடுஞ்சாலைத் திட்டம் சட்டமாகியது. அதே ஆண்டு பூங்காக்களைப் புதுப்பிக்கும் பத்தாண்டுத் திட்டமும் தொடங்கிற்று. 1955இல் 5 கோடிக்கு மேற்பட்டிருந்த வருகைகள் 1966இல் 12 கோடியைத் தாண்டின. விளம்பரப் படத்தில் நிற்கும் அத்தந்தையின் பையில் தொழிற்சங்கச் சந்தாச் சீட்டும் இருந்திருக்கக்கூடும். ஓவியர் அதனை வரையவில்லை.

பழைய சங்கதி இது என்று ஒதுக்கிவிட முடியாது. 1969இல் யொசெமிற்றியில் எஞ்சியிருந்த ஆதிக்குடிகளின் வீடுகள் அகற்றப்பட்டன. 1980இல், தெற்கு டக்கோற்றாவின் கருங்குன்றுகள் உடன்படிக்கைக்கு மாறாக லக்கோற்றா மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவையென உயர்நீதிமன்றம் ஏற்று நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. நிலம் விற்பனைக்கில்லை எனக் கூறி அம்மக்கள் அப்பெருந்தொகையைத் தொட மறுத்துவிட்டனர். வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் ரீற்றன் பூங்காவின் அண்டையிலுள்ள ஜாக்சன் நகரம் இன்று நாட்டின் மிகப் பெரிய செல்வந்தர் சிலரின் வசிப்பிடம். அங்கு படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுவரும் வாடகை கொடுக்க இயலாது, மலைக்கு அப்பால் ஐடகோவில் வசித்து நாள்தோறும் கணவாயைக் கடந்து வருகின்றனர். 2024 ஜூன் மாதத்தில் அக்கணவாய்ச் சாலையின் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. அப்போதுதான், கோடைப் பயணிகளின் நகரம் எவருடைய முதுகில் நிற்கிறதென்பது பலருக்குப் புலனாயிற்று.

இது கடலுக்கு அப்பாலுள்ள கதை மாத்திரமன்று. யெலோஸ்ரோனில் உருவான முன்மாதிரி உலகெங்கும் சென்றது. நம் நாட்டையும் வந்தடைந்தது. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடுவர்கள் அங்கு நுழையும் உரிமையை இழந்தனர். வெளியேற மறுத்துத் தம்பானையில் நிலைத்து நின்ற முதுதலைவர் ஊருவரிகே திசாஹாமியின் குரலிலும், ஏரிக்குப் பெயருண்டு என்ற தெனாயாவின் குரலிலும் ஒரே நியாயம் ஒலிக்கிறது.

அப்படியாயின் பூங்காக்கள் வேண்டாமென்பதா? அன்று. வேலியை உடைத்து அவற்றை விடுதி முதலாளிகளிடமும் சுரங்கக் கொம்பனிகளிடமும் ஒப்படைப்பது மக்களுக்கு இழைக்கும் மற்றொரு துரோகமாகும். காடும் மலையும் பொதுச் சொத்தாகவே இருத்தல் வேண்டும். ஆனால், 'பொது' என்ற சொல்லுக்குள் அங்கு முன்னரே வாழ்ந்தவனும், பாதை வெட்டியவனும், விடுதியில் உழைப்பவளும் அடங்கவேண்டும். காட்டைக் காப்பதில் அதன் மக்களுக்கு அதிகாரமும், அதனைக் காண்பதில் உழைப்பாளிக்கு ஓய்வும் கிடைக்கவேண்டும்.

வகுப்பறையில் ஒரு மலையின் படத்தைக் காட்டும் ஆசிரியர் அதன் உயரத்தைக் கூறுவார். கூறியபின், அங்கு முன்னர் வாழ்ந்தவர் யார், அச்சாலையை வெட்டியவர் யார், அதனைப் பார்க்கப் போவதற்கு விடுமுறை கிடைப்பது யாருக்கு என்ற மூன்று வினாக்களையும் மாணவரிடம் கேட்பாராயின், அன்றைய புவியியற் பாடம் வரலாற்றுப் பாடமுமாகிவிடும்.