பற்றாசின் வரலாறு: பிரேசர் டவுனும் பெங்களூரின் கைத்திறனும்

பெங்களூரின் மின்னணு வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1948இல் ஐ.டி.ஐ., 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் எனத் தொடங்கும் அந்த வரிசையில், இரண்டு உலோக முனைகளை உருகிய ஈயத்தால் இணைக்கும் கைத்திறனுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை. அத்திறன் இன்றித் தொலைபேசியும் இல்லை, வானொலியும் இல்லை.

1898இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்கும் நோக்கில் கன்டோன்மென்ட் பகுதியில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. மைசூர் ரெசிடென்ட் ஸ்டுவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்கிய பிரேசர் டவுன் அவற்றுள் ஒன்று. தமிழர் மிகுந்து வாழ்ந்த பகுதி கன்டோன்மென்ட். 1864இல் ஜோலார்பேட்டையுடன் இணைந்த இருப்புப்பாதை இதனை ஒட்டிச் செல்கிறது. பெங்களூர் கிழக்கு நிலையத்திலிருந்து அதே பாதையில் கிழக்கே சென்றால் கிருஷ்ணராஜபுரம். அதன் அருகே ஐ.டி.ஐ. அமைந்த தூரவாணி நகர். குடியிருப்பையும் தொழிற்சாலையையும் ஒரே தண்டவாளம் இணைத்தது.

தமிழுக்குப் பற்றவைப்பு புதிதன்று. இணைக்கும் உலோகத்திற்குப் ‘பற்றாசு’ என்ற பழஞ்சொல் உண்டு. பொற்கொல்லர் பொடிவைத்து ஊதிப் பற்றவைத்த தொழில், பேச்சு வழக்கிலும் தடம் பதித்துள்ளது. வெள்ளீயம், காரீயம் என இரண்டையும் பிரித்தறிந்த மரபும் இதுவே. பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர் சூடேறிய பரப்பில் நவச்சாரம் தூவுவர். அது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை நீக்கி, ஈயம் பரவிப் பிடிக்க வழிசெய்யும்.

மின்னணுப் பற்றவைப்பின் கோட்பாடும் அதுவே, பொருள்தான் வேறு. நவச்சாரத்தின் எச்சம் மெல்லிய செப்புக் கம்பியை நாளடைவில் அரித்துவிடும். ஆகவே வானொலிப் பணியில் பைன் மரப் பிசினே இளக்கியாயிற்று. பழைய தொழிலறிவு அப்படியே இடம்பெயரவில்லை, திருத்தப்பட்டே வந்தது.

அடிப்படை விதிகள் சிலவே. சூடாக்க வேண்டியது இணைப்பை, ஈயத்தை அன்று. கம்பியும் தகடும் தம் சூட்டால் ஈயத்தை உருக்கினால்தான் அது இரண்டிலும் படர்ந்து பிடிக்கும். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கொண்ட கலவை 183 பாகை செல்சியசில் நேரடியாக உருகி உறையும். 60க்கு 40 கலவையோ சற்று நேரம் குழைவான நிலையில் நிற்கும்; அப்போது கம்பி அசைந்தால் உள்ளே விரிசல் விழும். மெக்கானிக்குகள் ‘டிரை சால்டர்’ எனக் கூறும் குறை பெரும்பாலும் இவ்விரு பிழைகளின் விளைவே.

தொழிற்சாலைக்கு வெளியே இத்திறன் பொழுதுபோக்காகவும் வளர்ந்தது. 1935இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் அமைத்தார். பெங்களூரில் 1959இல் அமெச்சூர் ரேடியோ கிளப் தோன்றியது. கருவிகளை விலைக்கு வாங்குவது எளிதாக இராத காலத்தில், அவற்றைத் தாமே கட்டுவது ஆர்வலருக்கு ஆசை மட்டுமன்று, தேவையும்கூட.

ஐரோப்பாவில் 2006 முதலும், இந்தியாவில் மின்னணுக் கழிவு விதிகளின் வழியே 2014 முதலும் உற்பத்தியாளருக்குக் காரீயம் கட்டுப்படுத்தப்பட்டது. மாற்றாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை ஏறத்தாழ 217 பாகையில் உருகும். கைக்குப் புதிய பழக்கம் தேவைப்பட்டது. பற்றவைக்கும் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. அது விரல் வழியே உணவுக்குச் செல்லும். எழும் புகையோ பிசினுடையது. அது ஆஸ்துமாவைத் தூண்டவல்லது. கைகழுவுதலும் காற்றோட்டமும் எனவே அடிப்படைப் பாடத்தின் பகுதிகள்.

இத்தொழிலைச் செய்தோர் எழுதிவைத்தது குறைவு. அவர்களுடைய ஆவணம் பழைய தொலைபேசிகளிலும் வானொலிகளிலும் உள்ள இணைப்புகளே. கழிவாக உருக்கப்படும் ஒவ்வொரு பலகையோடும் அந்த ஆவணத்தின் ஓர் ஏடு அழிகிறது. நிறுவனங்களின் கோப்புகளைக் காக்கும் அக்கறை, இக்கருவிகளுக்கும் உரியது.