எண்பட்டையும் ஏழுபட்டையும்

கோயில் மண்டபத்தில் நுழைந்ததும் சிற்பத்தைத் தேடும் நம் கண், தூணின் பட்டைகளை எண்ணுவதில்லை. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட மண்டகப்பட்டுக் குடைவரையில், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அந்த வடிவம் நிற்கிறது: தூணின் அடியும் தலையும் சதுரம், நடுவே எட்டுப்பட்டைக் கட்டு. மாமல்லபுரத்துத் தருமராச ரதத்தின் சிகரமும் எட்டுப்பட்டையே. மயமதம் நாகரத்தைச் சதுரம் என்றும் வேசரத்தை வட்டம் என்றும் வகுத்து, எட்டு அல்லது ஆறு பட்டை உடையதைத் திராவிடம் என்கிறது. திராவிடம் என்ற சொல்லைச் சுற்றி நாம் எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். அது ஒரு வடிவத்தின் பெயருமாகும் என்பதைத் தமிழ் வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை.

சதுரத்திலிருந்து ஒழுங்கான எண்கோணம் எடுக்கக் கவராயமும் அளவில்லாக் கோலும் போதும். கயிறும் முளையும் இருந்தாலும் ஆகும். (ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கல் ஊன்ற இடம் குறிப்பவர் கையில் இருப்பதும் அவைதாம்.) மூலைவிட்டத்தில் பாதியைக் கயிற்றில் அளந்துகொண்டு, ஒவ்வொரு மூலையிலும் முளையடித்து, அந்த நீளத்தை அடுத்துள்ள இரு பக்கங்களிலும் குறித்தால் எட்டுப் புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கோட்டால் இணைத்து மூலைகளைக் கொத்தி எடுத்துவிட்டால் எண்பட்டை. இது தோராயமன்று, முற்றும் சரியான வழி. 24 விரல் கொண்ட ஒரு முழத்தைப் பக்கமாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். மூலையிலிருந்து வெட்டவேண்டியது 7.03 விரல்! பக்கத்தை 7, 10, 7 எனப் பிரித்தாலே வெட்டுப்பக்கம் 9.9 விரலும் நடுப்பக்கம் 10 விரலுமாக அமைந்துவிடும். உளிபட்ட கல்லில் இவ்வேறுபாட்டைக் காணக்கூடிய கண் ஏது?

எட்டின் கோணங்களை இருகூறாக்கினால் பதினாறு, மேலும் இருகூறாக்கினால் முப்பத்திரண்டு. ஏழு மட்டும் இவ்வழியில் அகப்படாது.

1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி. விட்டம் 1,20,000 உள்ள வட்டத்துக்குள் மூன்று முதல் ஒன்பது பக்கம் வரையிலான ஒழுங்கு வடிவங்களின் பக்க அளவுகளை அந்நூல் தருகிறது. முக்கோணம் 103923, சதுரம் 84853, ஐங்கோணம் 70534, அறுகோணம் 60000, எண்கோணம் 45922. இவை முழு எண் அளவில் அப்படியே சரி. எழுகோணத்துக்கு 52055, நவகோணத்துக்கு 41031 என்கிறார். இருக்கவேண்டியவை 52066, 41042. பிழை இவ்விரண்டில்தான், இரண்டிலும் குறைவது 11. மற்ற ஐந்தையும் வர்க்கமூலத்தால் எட்டிவிடலாம். ஏழும் ஒன்பதும் முப்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் நிறுத்துபவை. ஆகவே இப்பிழைகளை வெறும் கைத்தவறு என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

பத்தொன்பது வயது நிறையாத காஸ் 1796இல் பதினேழு பக்க வடிவம் கவராயத்துக்கு வசப்படும் என்று கண்டார். ஏழும் ஒன்பதும் ஒருநாளும் வசப்படா என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார்.

மானசாரம் தூண்களுக்குப் பட்டையை வைத்துப் பெயரிடுகிறது: நான்கு பிரமகாந்தம், ஐந்து சிவகாந்தம், ஆறு ஸ்கந்தகாந்தம், எட்டு விஷ்ணுகாந்தம், பதினாறு அல்லது வட்டம் ருத்ரகாந்தம். அந்த வரிசையில் ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை.