திரியும் எண்ணெயும்

காதுகுத்து விழாவைப் பற்றிப் பேசப் புகுவோர், குலதெய்வத்தின் சந்நிதியையும், முடியிறக்கிச் சந்தனம் பூசிய குழந்தையின் தலையையும், அதை மடியில் இருத்திக்கொண்ட தாய்மாமனின் பெருமிதத்தையும், வரிசையாக வந்திறங்கும் சீர்த்தட்டுகளையும் வருணித்துவிட்டு, ஆசாரி கம்பியை வளைத்து முடுக்கிய க்ஷணத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. விசேஷம் அங்கே முடிகிறது என்பது உண்மையே. ஆயினும், அந்தத் துளை நன்றாக ஆறும்வரையில் தாயும் பாட்டியும் செய்யும் பராமரிப்பே இவ்வழக்கத்தின் உயிர்நிலை. அது இல்லையேல் தோடும் இல்லை, கம்மலும் இல்லை, ஒரு காலத்தில் தோள்வரை ஊசலாடிய பாம்படமும் இல்லை.

இப்பராமரிப்புக்கு மிகப் பழைய வைத்திய சரித்திரம் ஒன்று உண்டு. பழைய ஆயுர்வேத நூலாகிய சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் 16ஆம் அத்தியாயம் காது குத்துவதையும், அறுந்த காதைச் சேர்ப்பதையும் கூறுவதற்கென்றே அமைந்தது. ரக்ஷையின் பொருட்டும் ஆபரணத்தின் பொருட்டும் காது குத்தப்படுகிறது என்று தொடங்கும் அந்நூல், ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ, வளர்பிறையில் ஒரு நல்ல நாளில், சிசுவைச் செவிலியின் மடியில் அமர்த்தி, விளையாட்டுப் பொருள்களைக் காட்டி அதன் கவனத்தைத் திருப்பிக்கொண்டு, வைத்தியர் இடக்கையால் காதை இழுத்துப் பிடித்து, சூரிய வெளிச்சம் ஊடுருவித் தெரியும் இடத்தில் வலக்கையால் நேராகக் குத்தவேண்டும் என்கிறது. ஆண் குழந்தைக்கு முதலில் வலக்காது, பெண் குழந்தைக்கு இடக்காது. மெல்லிய காதுக்கு ஊசி, தடித்ததற்குக் குத்தூசி. இரத்தம் மிகுந்து வேதனையும் மிகுந்தால் இடம் தவறிற்று என்று அறியவேண்டும்.

குத்தியவுடன் என்ன செய்வது என்பதில்தான் அந்நூலாசிரியர் சுசுருதரின் பேரறிவு விளங்குகிறது. துளையில் பஞ்சுத்திரி ஒன்றை நுழைத்து, மருந்து சேர்த்துக் காய்ச்சாத எண்ணெயால் நனைத்துவிட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை முந்தியதினும் சற்றுப் பருமனான திரியை மாற்றி, மீண்டும் எண்ணெய் விடவேண்டும். கோணிய ஊசியால் குத்தியதாலோ, திரி அளவுக்குமேல் தடித்திருந்ததாலோ, தகாத இடத்தில் குத்தியதாலோ வீக்கமும் வலியும் கண்டால், தாமதமின்றித் திரியை எடுத்துவிட்டு, அதிமதுரம், ஆமணக்குவேர், மஞ்சிட்டி, யவம், எள் ஆகியவற்றை அரைத்துத் தேனும் நெய்யும் மிகுதியாகக் குழைத்து, புண் முழுதும் ஆறும்வரை பூசவேண்டும். ஆறிய பிறகே மறுபடி குத்தலாம். பழுத்த காதில் பிடிவாதமாக நகையை விட்டுவைக்காமல், துளை தூர்ந்தாலும் தூரட்டும் என்று புண்ணுக்கு முதலிடம் கொடுத்த அந்த விவேகத்தை நான் வியந்து போற்றுகிறேன்.

நம் கிராமத்து வீடுகளில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. வசதியுள்ள வீடுகளில் ஆசாரி போட்ட தங்கக்கம்பியே காதில் கிடந்து புண்ணோடு பழகும். மாற்றுக் குறையாத தங்கம் பலருடைய தோலுக்கு ஒத்துப்போவதும், மலிவான நகைகளில் கலந்துள்ள நிக்கல் அரிப்பையும் நீர்க்கசிவையும் உண்டாக்குவதும் இன்று நன்கு அறிந்த செய்திகள். வசதியற்றவர்கள் வேப்பங்குச்சியைச் சீவி, வழவழப்பாக்கித் துளையில் செருகிவிட்டார்கள். நாள்தோறும் பொருக்கை வெந்நீரில் ஊறவைத்து எடுத்து, ஈரத்தை ஒற்றி, தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ மஞ்சளோடு தொட்டு வைப்பதும், “காதில் கை வைக்காதேடி கண்ணு” என்று குழந்தையை ஓயாமல் கண்காணிப்பதும் பாட்டிமாரின் கடமையாயிருந்தன. தோல் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி அவர்கள் கம்பியைத் திருகிவிட்டதை மட்டும் இக்கால மருத்துவர்கள் ஏற்பதில்லை; திருகுந்தோறும் உள்ளே புதிதாக வளர்ந்துவரும் மென்தோல் கிழிகிறது என்பதும், கையைக் கழுவிக்கொண்டு சுத்தமான உப்புநீரால் துடைத்தாலே போதும் என்பதும் அவர்கள் கொள்கை. இவ்விஷயத்தில் நியாயம் மருத்துவர் பக்கமே இருக்கிறது.

இப்பராமரிப்புக் கலை தன் உச்சத்தை அடைந்தது காது வளர்த்தலில்தான். பொருநராற்றுப்படை பாடிய புலவர் பாடினியின் காதுக்குக் கத்தரிக்கோலின் கைப்பிடி வளையத்தை உவமை கூறியிருப்பதிலிருந்து, வளர்த்த காது சங்க காலத்திலேயே அழகின் இலக்கணமாயிருந்தது எனத் துணியலாம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளிலும் இவ்வழக்கம் இடம்பெற்றிருக்கிறது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் பெண்குழந்தையின் காதுமடலின் அடித்தசையாகிய சோணையில் துளையிட்டு, முதலில் பஞ்சும், பிறகு தன் இயல்பாலேயே விரிந்து கொடுக்கும் ஓலைச்சுருளும், துளை அகன்றபின் ஈயக் குணுக்குகளுமாக, ஒன்று ஆறியபின் ஒன்றாக இட்டு, மாதக்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து, பாம்படம், தண்டட்டி ஆகிய கனத்த காதணிகளுக்கு இடம் செய்தார்கள். இதை வெறும் அலங்காரப் பித்தென்று இகழ்ந்தவர்கள், தசையின் இயல்பையும் அதன் பொறுதியையும் எழுத்தறியாத பெண்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்பதைக் கருதவில்லை. அவசரப்பட்ட காது கிழியும் அல்லது பழுக்கும். தலைமுறை தலைமுறையாக அத்தனை காதுகள் வட்டம் குலையாமல் நின்றது அவர்களுடைய சிரத்தைக்குச் சாக்ஷி.

இந்நாளில் நகைக்கடைகளில் துப்பாக்கி போன்ற கருவியால் நொடியில் குத்திக்கொண்டு, சோணையோடு அமையாமல் மேல்மடலின் குருத்தெலும்பிலும் துளையிடுகிறார்கள். சோணையில் இரத்த ஓட்டம் மிகுதியாதலால் அது ஆறெட்டு வாரத்தில் ஆறிவிடும். குருத்தெலும்புக்குத் தனக்கென இரத்தக்குழாய் இல்லாமையால் அது ஆற ஆறுமாதமும் ஓராண்டும் செல்லக்கூடும், அங்கே சீழ் பிடித்தால் காதின் வடிவமே குலைந்துவிடும். ஆதலால் முன்னிலும் அதிகமான பராமரிப்பு வேண்டிய காலத்திலேதான் அது குறைந்துகொண்டு வருகிறது என்பது எனக்குப் பெரும் கவலையாக இருக்கிறது.

சென்ற நூற்றாண்டில் நாகரிகம் மாற, வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொள்ளும் பெண்கள் மருத்துவமனைகளை நாடினார்கள். அதுவும் புதுமையன்று, அறுந்த சோணையைச் சேர்க்கச் சுசுருதர் 15 முறைகளை வகுத்திருக்கிறார். சேர்த்த காதை மிக இறுக்கமாகவோ மிகத் தளர்வாகவோ கட்டலாகாது. அதை ஆட்டுவதும், பகலுறக்கமும், உடற்பயிற்சியும், மிகுதியாக உண்பதும், நெருப்பருகில் காய்வதும், களைக்கக் களைக்கப் பேசுவதும் கூடா. தழும்பு சமமாகக் கூடி, உறுதிப்பட்டு, வலி நீங்கி, அதன்மேல் ரோமம் முளைத்த பின்னரே அந்தக் காதை மறுபடி மெல்ல மெல்ல வளர்க்கலாம் என்பது அவர் விதி.