செங்காங்: ரயிலை நடுவில் வைத்துக் கட்டிய ஊர்

சிங்கப்பூரின் சிராங்கூன் ஆற்றோரம் காங்கார் என்றொரு மீன்பிடிக் கிராமம் இருந்தது. மேற்கே, பரோட்டாவுக்குப் பேர்போன ஜாலான் காயு. அதன் கோடியில் ஆங்கிலேயர் கட்டிய சிலேத்தார் விமானத் தளம். இடையில் ரப்பர் தோட்டங்கள், பண்ணைகள், அத்தாப்பு வீடுகள். இந்த நிலம்தான் இன்றைய செங்காங். ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் இங்கே குடியிருக்கிறார்கள். காங்கார் இப்போது ஓர் இலகு ரயில் நிலையத்தின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் 1991-ஆம் ஆண்டின் கருத்துருத் திட்டம் இருக்கிறது. வேலைக்கும் கடைக்கும் எல்லோரும் நடுநகருக்கே ஓடி வந்தால் சாலையும் தாங்காது, ரயிலும் தாங்காது என்று திட்டமிட்டவர்கள் கணக்குப் போட்டார்கள். தெம்பனிஸ், உட்லண்ட்ஸ், ஜூரோங் ஈஸ்ட், சிலேத்தார் ஆகிய நான்கு இடங்களில் வட்டார மையங்கள் எழ வேண்டும், அலுவலகங்கள் அங்கே நகர வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் மூன்றும் எழுந்தன. வடகிழக்குக்கென்று ஒதுக்கிய சிலேத்தார் மையம் மட்டும் காகிதத்திலேயே நின்றது. அந்தப் பக்கம் பின்னாளில் விமானத் தொழில் பூங்காவானது. செங்காங் ரயில்களில் காலை நேரத்தில் நிற்க இடம் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம். வீடுகள் வந்த அளவுக்கு வேலைகள் அருகில் வரவில்லை.

மக்களும் ரயிலுக்கு முன்பே வந்துவிட்டார்கள். வடகிழக்கு ரயில் பாதைக்கு அரசு 1996 ஜனவரியில்தான் ஒப்புதல் தந்தது. செங்காங்கின் ரிவர்வேல் பகுதியில் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 1997 வாக்கில் குடிவந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் பேருந்துதான் கதி.

பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2002-இல் காம்பஸ் பாயிண்ட் கடைத்தொகுதியும் அதற்குள்ளேயே ஒரு பொது நூலகமும் திறந்தன. 2003 ஜனவரி 18 அன்று இலகு ரயிலின் கிழக்கு வட்டமும் பேருந்துச் சந்திப்பு நிலையமும் இயங்கத் தொடங்கின. ஜூன் 20 அன்று, முழுக்கத் தரைக்கு அடியில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வடகிழக்கு ரயில் வந்தது. அந்த ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் லிட்டில் இந்தியா. அங்குள்ள தேக்கா சந்தைக்குப் போய் மீனும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் வாங்கிவர ஒரே வண்டி என்பது செங்காங் தமிழ்க் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊர் மையத்தின் கெட்டிக்காரத்தனம் அதன் அடுக்கில் இருக்கிறது. சுரங்க நடைமேடையிலிருந்து மின்படிகளில் ஏறினால், தலைக்கு மேலே இலகு ரயில்; பக்கத்திலேயே பேருந்து, கடைகள், நூலகம். கடைத்தொகுதிக்கு மேலே கூட்டுரிமை வீடுகள். மழை கொட்டினாலும் குடை விரிக்காமல் பிள்ளைக்குப் புத்தகம் எடுத்து, அரிசி பருப்பு வாங்கி, வீடு போய்ச் சேரலாம். கார் இல்லாத குடும்பம் எதையும் இழக்காத ஊர் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு இந்த ஒரு சந்திப்பைக் காட்டினால் போதும்.

அடுத்த நிலையமான புவாங்கோக்கில் கதை வேறு. நிலையம் கட்டி முடிந்தும் 2003-இல் திறக்கவில்லை. சுற்றிலும் போதிய வீடுகள் இல்லை, நடத்தினால் நட்டம் என்பது சொல்லப்பட்ட காரணம். ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் மூடிய நிலையத்தின் மேலே நடந்து பேருந்துக்குப் போனார்கள். 2005 ஆகஸ்டில் ஓர் அமைச்சர் அந்தப் பகுதிக்கு வந்தபோது நிலையத்தின் அருகே அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகள் வரிசையாக நின்றன: செலவு உண்டு, பயன் இல்லை என்பதைக் குத்திக்காட்டும் அடையாளம். நாடே அதைப் பற்றிப் பேசியது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. இலகு ரயிலின் மேற்கு வட்டத்திலும் இதே காத்திருப்புதான்: அந்த வட்டம் 2005-இல் ஓடத் தொடங்கினாலும் ஃபார்ம்வே நிலையம் 2007-இலும், செங் லிம் 2013-இலும், குப்பாங் 2015-இலும்தான் திறந்தன. ஆனாலும் நிலையத்தை முதலிலேயே கட்டிவைத்தது சரியான முடிவு. குடியேறிய ஊரைப் பிறகு தோண்டி நிலையம் அமைப்பதன் செலவும் தொல்லையும் பல மடங்கு.

குறை வேறிடத்தில் இருந்தது. தோ பாயோ போன்ற பழைய வீவக ஊர்களில் ஈரச்சந்தையும் உணவங்காடி நிலையமும்தான் அக்கம்பக்கத்தின் உயிர். செங்காங் எழுந்த காலத்தில் அரசு புதிய உணவங்காடி நிலையங்கள் கட்டுவதையே நிறுத்தியிருந்தது. அந்த இடத்தைக் குளிரூட்டிய கடைத்தொகுதிகள் பிடித்துக்கொண்டன. மலிவாகச் சாப்பிட நினைத்த முதியவருக்கு அது இழப்புதான். கட்டுமானம் மீண்டும் தொடங்கும் என்று 2011-இல் அறிவிப்பு வந்தது. செங்காங்கின் ஃபெர்ன்வேலிலும் ஆங்கர்வேலிலும் உணவங்காடிகள் வந்து சேர்ந்தது 2020-களில்தான்.

நிலையத்தை முதலிலேயே கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்கள் சென்னையை ஒட்டிய கிளாம்பாக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 2023 டிசம்பர் 30 அன்று அந்தப் பெரிய பேருந்து முனையம் திறந்தபோது, ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் புறநகர் ரயில் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நின்று ஏற நிலையம் இல்லை. பெட்டியும் பிள்ளையுமாக வந்த பயணிகள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்தது.

மீண்டும் புவாங்கோக்குக்கு வருவோம். அங்கே இன்று ரயில் நிலையத்தை ஒட்டியே வீடுகள், கடைத்தொகுதி, உணவங்காடி, சமூக மன்றம் எல்லாம் ஒரே மனையில் நிற்கின்றன. செங்காங் மையத்தில் விட்டுப்போன உணவங்காடியை இங்கே மறக்கவில்லை. பேருந்துச் சந்திப்பு நிலையம் மட்டும் 2024 டிசம்பரில்தான் திறந்தது. ரயில் நிலையம் திறந்து அதற்குள் ஏறக்குறைய 19 ஆண்டுகள் ஓடிவிட்டன.