மணிக்கட்டில் ஒரு சிலுவை

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, கையில சின்னதா ஒரு சிலுவை டாட்டூ போட்டுக்கவா?" புனேயில் வளர்ந்த பிள்ளை. அவள் கல்லூரியில் பாதிப் பேர் கையில் ஏதாவது ஒன்று இருக்கிறது. நான் யோசிப்பதற்குள் விஷயம் நாசரேத்துக்குப் போய்விட்டது. அன்று இரவே அம்மாவின் போன்.

"ஏல, லேவியராகமம் பத்தொன்பது இருபத்தெட்டை அவளுக்கு வாசிச்சுக் காட்டு. வேதத்துல கூடாதுன்னு போட்டிருக்குல்லா?"

போட்டிருப்பது உண்மைதான். ஆனால் அதே வசனம், செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்வதையும் சேர்த்தே தடுக்கிறது. சுற்றியிருந்த மக்களின் துக்கச் சடங்குகளிலிருந்து இஸ்ரவேலரைப் பிரித்து வைக்க வந்த சட்டம் என்று பலர் விளக்குகிறார்கள். அதற்கு முந்தின வசனம் தாடியின் ஓரத்தில் கை வைக்காதே என்கிறது. அதை எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் கண்டுகொண்டதே இல்லை :-)

சரி, சபை சரித்திரம் என்ன சொல்கிறது?

ரோமர் காலத்தில் பச்சை என்பது அடிமைக்கும் குற்றவாளிக்கும் குத்துகிற முத்திரை. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன், தண்டனை பெற்றவர்களின் முகத்தில் குத்தக் கூடாது என்று சட்டம் போட்டார். முகம் தெய்வீக அழகின் சாயல் என்பது அவர் சொன்ன காரணம். கையிலும் காலிலும் குத்தத் தடையில்லை. பின்னால், காசா ஊர் புரோகோப்பியுஸ் எழுதிய ஏசாயா உரையில், கிறிஸ்தவர்கள் கையில் சிலுவையோ கிறிஸ்துவின் பெயரோ குத்திக்கொண்டதைப் பற்றிய குறிப்பு வருகிறது. அவமான முத்திரையையே சொந்த அடையாளமாக்கிக் கொண்டார்கள்!

786இல் இங்கிலாந்துக்குப் போன போப்பின் தூதர்கள் புறமத வழக்கப்படி குத்துவதைக் கண்டித்தார்கள். தேவனுக்காக என்றால் அது வேறு என்றும் சொல்லி வைத்தார்கள். எருசலேமில் ரஸ்ஸூக் குடும்பம் யாத்ரீகர்களுக்கு இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறது. மர அச்சில் மை தடவி, தோலில் பதித்து, அதன்மேல் ஊசி. பின்னாளில் ஏழாம் எட்வர்டான இளவரசர்கூட 1862இல் எருசலேமில் சிலுவை குத்திக்கொண்டார்.

எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களுக்கு இது அலங்காரம் இல்லை. வலது மணிக்கட்டில் சிலுவை, பலருக்குக் குழந்தையிலேயே. 2015இல் லிபியக் கடற்கரையில் கொல்லப்பட்ட 21 பேரில் 20 பேர் அந்தச் சபையார். அங்கே கிறிஸ்தவன் என்று தெரிவதற்கு ஒரு விலை உண்டு.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு, "நம்ம ஆச்சி கையிலயும் இருந்துச்சே?" என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. "அது அவ ஞானஸ்நானத்துக்கு முன்னால, தெரியாத வயசுல குத்துனது."

ஆச்சியின் இரண்டு முன்கைகளிலும் கோலம் இருந்தது. திருவிருந்துக்கு முழங்கால் போடும்போது மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொள்வாள். குளிர் என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் மாத நாசரேத்தில் என்ன குளிர்? யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

என் பேத்திகள் யாரும் அப்படிக் கையை மூட வேண்டாம். மகளிடம், "பாவம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இது அழியாது. ஒரு வருஷம் பொறு. அப்போதும் அந்தச் சிலுவை வேண்டும் என்று தோன்றினால் நானே கூட்டிப் போகிறேன்" என்றேன்.

அம்மாவிடம் இந்தக் கடைசி வரியை இன்னும் சொல்லவில்லை.