‘ஹாண்ட் ஓவர்’ என்றால் கையளித்தல்

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்குக் கிளிநொச்சியில் ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுக்கும்போது நான் கவனமாகக் கையாளும் வினை ‘ஹாண்ட் ஓவர்’. பொருளை ஒப்படைத்தல், பொறுப்பைக் கைமாற்றுதல், ஒருவரை அதிகாரிகளிடம் கையளித்தல் என மூன்றுக்கும் இது வழங்கும். ‘அவனை’ என்பது நடுவில் வரும்: ‘ஹாண்டட் ஹிம் ஓவர்’. அதன்பின் ‘டு’ சேர்த்தால், யாரிடம் என்பதையும் சொல்லலாம்.

‘மிஸ்ஸிங்’ என்றால் காணவில்லை; யார் கொண்டுபோனார் என்பது அதில் இல்லை. ‘சரண்டர்ட்’ என்றால் அவராகவே சரணடைந்தார். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் பிள்ளையை இராணுவத்திடம் கையளித்த தாய்க்கு இவை இரண்டும் போதாது. யாரிடம், எங்கே, எப்போது கையளித்தீர்கள் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். பொறுப்பேற்றவரே பதில் சொல்ல வேண்டியவர்.